ஒரே ஒரு ரிங்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலம் என்பதைக் காலை ரிங் சொல்லிவிடுகிறது. மற்றதெல்லாம் நீ எழுதினால்தான் தெரியும்.

போனில் நான் 'ம்' கொட்டுவதைத் தவிர ஒன்றும் பேசுவதில்லை என்று கோபித்துக்கொண்டாய். "சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலி வரும்டி, கோந்து" என்றாய். போனைக் காதில் வைத்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பேனாவைப் பிடித்தால் அப்படி இல்லை. நீயும் எழுது. போனில் நீ சொல்வதை அம்மா பக்கத்தில் நின்று பாதி கேட்டு, மீதியைத் தானே சேர்த்து அப்பாவிடம் சொல்லிவிடுகிறாள்.

தையல் கடையில் நான் மிஷின் முன்னால் உட்காரும் நேரம் பார்த்து ரிங் வரும். ஒரே ஒரு ரிங். யாரும் எடுக்கக் கூடாது என்று நீ போட்ட சட்டப்படி நான் போனைத் தொடுவதே இல்லை. "உங்க அக்கா லேப்புக்குப் போய்ச் சேர்ந்தாச்சுல்ல? இனியாச்சும் பெடலை மிதி" என்பாள் கடைக்காரம்மா. அதுவரை என் கால் நகராது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பள்ளி திறந்தும் சீருடை தைக்கும் வேலை இன்னும் தீரவில்லை. காஜா போட்டே விரல் தேய்கிறது.

அப்பா இன்னும் சமாதானம் ஆகவில்லை. "பஸ்ல போக மாட்டாளாம், சைக்கிள்தானாம். ரிங் வராத அன்னிக்கு நான் போய் அவளைக் கையோட கூட்டிட்டு வந்துடுவேன். மேல்படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் சொல்கிறார்.

நீ ஓட்டுவது என் சைக்கிள். அந்தத் தண்ணி லாரி உரசியபோது அதற்கும் எனக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஹேண்டில் கோணியது, முழங்கை சிராய்ந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அப்புறம் நான் அதில் ஏறவில்லை. பள்ளிக்கூடமும் அதோடு நின்றுபோனது. நீ சைக்கிளைக் கேட்டபோது தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். நீ கிளம்பிய அன்று 'போயிட்டு வா' என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் பின்னறையில் துணி மடிக்கிற மாதிரி நின்றேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

எந்த வழியாகப் போகிறாய் என்று ஒன்று விடாமல் எழுது.

உன்
கோந்து


ஆகஸ்ட் 12

என் செல்லக் கோந்துக்கு,

இவ்வளவு பேசுவாயா நீ? உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன்.

ஒன்று விடாமல் கேட்டாய், சொல்கிறேன். அறையிலிருந்து சந்தைத் தெரு. அங்கே பெட்டி இறக்குகிறவர்கள் மத்தியில் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அப்புறம் ஒரு ரவுண்டானா. நாலு பக்கமும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும், எனக்கென்று யாரும் நிறுத்த மாட்டார்கள். அதைத் தாண்டினால் பாலம். எதிர்காற்று முகத்தில் அறையும். பாலத்தை இறங்கினால் பல்கலைக்கழகம்.

பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், இரண்டிலும் ஏற முடியாது. அதை அப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

லேப்பில் பக்கத்து மேசைக்காரி ஒருத்தி இருக்கிறாள். தினமும் என்னைப் பார்த்ததும், "நீ படிக்க வந்தியா, பந்தயத்துக்கு வந்தியா? மூஞ்சி தக்காளி மாதிரி இருக்கு" என்பாள். நல்லவள். துடைத்துக்கொள்ள அவளேதான் துண்டும் தருவாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரே கூத்து. பாலத்துக்கு நடுவில் பஞ்சர். கண்ணாடித் துண்டு ஏறிவிட்டது. காற்றில் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது வகுப்பு பாதி முடிந்திருந்தது. "வாங்க, மத்தியான வகுப்புக்குச் சீக்கிரமே வந்துட்டீங்களே" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பயப்படாதே. உன் சைக்கிள் நல்ல சைக்கிள்.

அன்புடன்
அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

அந்தச் செவ்வாய்க்கிழமையும் எனக்கு ரிங் வந்தது. தினமும் வருகிற அதே நேரத்துக்கு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று கடைக்காரம்மா சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். பூட்டின கடை வாசலில் நின்றபடி, "அங்க அவ போய்ச் சேர்ந்துட்டா, இங்க நம்மதான் உள்ள போக முடியல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்போது நீ பாலத்தில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாய்.

எங்கிருந்து ரிங் கொடுக்கிறாய் அக்கா? அதை நம்பித்தான் நான் அம்மாவிடம் தலையாட்டுகிறேன். என்னை நம்பி அம்மா அப்பாவிடம் சொல்கிறாள்.

கோந்து


ஆகஸ்ட் 26

கோந்து,

அறை வாசலிலிருந்து. சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால்.

முதல் நாள் சொன்னபடி போய்ச் சேர்ந்துதான் கொடுத்தேன். ஆனால் வழி தவறி, சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர வெகு நேரமாகிவிட்டது. அவ்வளவு நேரமும் நீ மிஷினில் காலை வைக்காமல் உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தால் எனக்கே தாங்கவில்லை. லேப் வாசலில் போனை வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்கள். அவசரத்தில் ஒரு நாள் மறந்தால் அப்பா கிளம்பி வந்துவிடுவார். அதனால் மறுநாளிலிருந்து புறப்படும்போதே கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கும் பயம்தான்டி. ரவுண்டானாவுக்கு முன்னால் காலை ஊன்றி நிற்கும்போது கை வியர்த்து ஹேண்டில் வழுக்கும். திரும்பிப் போய்விடலாமா என்றிருக்கும். அப்போது நினைத்துக்கொள்வேன்: போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று கோந்துக்குச் சொல்லியாகிவிட்டது, இனிப் போய்ச் சேராமல் இருக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் வண்டிகளுக்கு நடுவில் இறங்குவேன்.

சரி, இனி லேப்புக்குப் போய்த்தான் ரிங் கொடுப்பேன். அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

அக்கா


செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சில நாட்களாக வருவது உண்மையான ரிங் என்று தெரிகிறது. ஒரு நாள் முன்னால் வருகிறது, ஒரு நாள் பின்னால் வருகிறது. அது வரும்வரை தெருவில் போகிற லாரியெல்லாம் என் வயிற்றுக்குள் போகிறது. நேற்று முன்தினம் ஒரு சட்டைக்குக் கழுத்துக்குப் பின்னால் காஜா போட்டுவிட்டேன். "இதைப் போட்டுக்கிட்டு பிள்ளைங்க பின்பக்கமா நடந்தா பள்ளிக்கூடம் போகும்?" என்று கடைக்காரம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நேற்று ரிங் வரவே இல்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். அப்பா வெளியூர் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். பை கட்டிலின் மேல் இருந்தது. காலையில் கடைப்பக்கம் வந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"ரிங் வந்துச்சா, வரலியா?" என்றார்.

"வந்துச்சு" என்றேன்.

தலையாட்டவில்லை அக்கா. வாயைத் திறந்து, அம்மாவுக்குச் சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்பா என்னையே பார்த்தார். "இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நான் பின்னறைக்குப் போய்ப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால், போகவிருந்த அப்பாவை நிறுத்தியது நான்தான். ஆனாலும் மனதுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்: அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொல்லியாகிவிட்டது, இனி அவள் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். நீ எழுதியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் மறுபடி கடைக்குக் கிளம்பும்போது ரிங் வந்தது. ஏன் தாமதம் என்று கேட்கப்போவதில்லை.

பழையபடியே புறப்படும்போது ரிங் கொடு அக்கா. அது அறை வாசலிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அது எனக்குப் பொய் இல்லை. ஆனால் ஒரு ரிங்கோடு கட் பண்ணாதே. நான் எடுப்பேன்.

கடைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "எடுத்து? ம், ம்முன்னு மூச்சு விடுவியா?" என்றாள். "போயிட்டு வான்னு சொல்லணும்" என்றேன். அவள் நூல்கண்டைத் தேடப் போய்விட்டாள்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் கூப்பிடு. எனக்குத் தொண்டை அடைத்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள். நான் சொல்லி முடித்த பிறகுதான் நீ சைக்கிளில் ஏற வேண்டும்.

உன்
கோந்து