நேற்றைப் பற்றி ஐந்து வாக்கியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரெண்டு பேரும் சுகம்னுதான் எப்பவும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை நான் முழு சுகம், அப்பா முக்கால் சுகம், அந்த மீதியைப் பத்தித்தான் இந்தக் கடிதம். அதனால முழுசாப் படிச்சு முடிக்காம போனைக் கையில எடுக்காதே. நீ அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு, தலையை ஈரத்தோட கட்டாம, நல்லபடியா இருப்பேன்னு நினைச்சுக்கிட்டே எழுதறேன்.

நான் வேலை பார்க்கிற கிளினிக்குக்குப் புதுசா ஒரு நரம்பு டாக்டர் வந்திருக்கார்னு சொன்னேன்ல, அவருக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை வராது. அவர் எதையாவது கேட்டா நான் ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எல்லாத் திசையிலும் தலையாட்டுவேன். மேனேஜர் முகத்துக்கு நேரா சொல்லிட்டார், ரெண்டு மாசத்துல போன்ல இங்கிலீஷ்ல பதில் சொல்லப் பழகலைன்னா முன் மேசையிலிருந்து உள்ளே ஃபைல் அடுக்கப் போயிடணும்னு. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. பழைய புத்தகக் கடையில ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கினேன், முன்னாடி வெச்சிருந்தவங்க பாதிப் பயிற்சியைப் பென்சில்ல எழுதிட்டு, பதினாலாம் பாடத்தோட நிறுத்தியிருக்காங்க. ஏன் நிறுத்தினாங்க, கல்யாணம் ஆச்சா, வேலை கிடைச்சுதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் மண்டை குடையுது. அந்தப் புத்தகத்தோட சட்டம் என்னன்னா, தினம் ஒரு பக்கம் இலக்கணம், நேத்து நடந்ததைப் பத்தி அஞ்சு வாக்கியம், அப்புறம் பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல மட்டும் பேச்சு. பேச ஆள் வேணுமே, வேற யாரு மாட்டுவா, உங்க அப்பாவைத்தான் பிடிச்சு உட்கார வெச்சேன்.

முதல் நாள் அப்பா இது ஒரு மேசைன்னார், நான் ஆமாம்னேன், மீதி ஒம்பது நிமிஷமும் ரெண்டு பேரும் அந்த மேசையையே பார்த்துக்கிட்டு இருந்தோம். ஆனா போகப் போக ஒரு விஷயம் கவனிச்சேன். அப்பா எதையும் நேராச் சொல்ற மனுஷனா என்ன? தமிழ்ல குழம்புல உப்பு சரியான்னு கேட்டா கடல்ல மிச்சம் இருக்கான்னு கேட்பார். இங்கிலீஷ்ல அந்தக் குசும்புக்கு வார்த்தை இல்லை, உப்பு அதிகம்னு மட்டும் சொன்னார். ஒரு நாள் இந்தச் சேலை உனக்கு நல்லா இருக்குன்னார், பாப்பா, முப்பத்து மூணு வருஷத்துல முதல் தடவை. இந்த ஆள் இத்தனை நாள் எங்கே ஒளிஞ்சிருந்தார்னு எனக்கு ஒரே ஆச்சரியம். அவர் எழுத்துதான் வேடிக்கை, வரி தொடங்கறப்போ பெருசா இருக்கும், முடியறதுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி ஆகிடும், மையை மிச்சம் பிடிக்கிறீங்களான்னு கேலி பண்ணுவேன்.

ஒருத்தர் நோட்டை ஒருத்தர் திருத்தணும். போன மாசம் ஒரு நாள் அவர் எழுதின அஞ்சு வாக்கியத்தையும் நான் சிவப்புப் பேனாவால பார்த்தேன். ஒரு தப்பு இல்லை, எனக்கு ஒரே பெருமை, அஞ்சு டிக் போட்டு கீழே நன்றுன்னு எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு மூடி வெச்சுட்டுக் கடைக்குப் போயிட்டார். அப்புறம் நான் அவர் சட்டைகளை மடிக்கிறேன், எல்லாச் சட்டையிலும், வலது கையால மாட்டற இடது கைப் பொத்தான் மாட்டின அடையாளமே இல்லை, சுருட்டின மடிப்புதான் இருக்கு. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஓடிப் போய் நோட்டைத் திறந்தேன். தமிழ்ல சொன்னா இப்படி வரும்: நேற்று நான் துணி வெட்டினேன். கத்தி கோட்டை விட்டு விலகியது. என் கை நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதுக்குத்தான் பாப்பா நான் டிக் போட்டிருக்கேன். என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருந்தது.

கடையிலிருந்து வந்ததும் தமிழ்ல கேட்டேன், கை டான்ஸ் கத்துக்குதுன்னு சிரிச்சு மழுப்பினார். பத்து நிமிஷப் பேச்சுல உட்கார வெச்சு இங்கிலீஷ்ல கேட்டேன். ஏழு மாசமா இருக்குன்னார். முப்பத்தொரு வருஷமா அடுக்கின துணி மேல மெஷின் கத்தி ஓட்டற கட்டிங் மாஸ்டர், இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஏழு மாசம் ஓட்டியிருக்கார். மறுநாள் காலையில டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன். மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த வணக்கமெல்லாம் பறந்து போச்சு, என் கணவர் கை நடுங்குது, அவருக்குப் பயம், எனக்கும் பயம்னு மூணே வாக்கியம்தான் வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வெச்சுட்டார். நோட்டைக் காட்டினேன், அவர் இலக்கணத்தைப் பார்க்கலை, ஒவ்வொரு வரியா விரலை ஓட்டி அந்த எறும்பு எழுத்துகிட்டப் போய் நிறுத்தினார். அன்னிக்குச் சாயங்காலமே அப்பாவைப் பார்த்துட்டார். நரம்புக் கோளாறுதான், முழுசா விலகாது, மாத்திரை நல்லாத் தாங்கிப் பிடிக்கும், சீக்கிரம் வந்தது நல்லது, ஆனா கத்தியைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டார்.

இப்போ பட்டறையில வெட்டின துணியைச் சரிபார்க்கிற மேசையில அப்பாவை உட்கார வெச்சிருக்காங்க. ஒரு வாரம் நோட்டைத் தொடலை. அப்புறம் நோட்டுல எழுதினார், நேற்று என் கத்தியை வேறொருவர் பிடித்தார், எனக்குப் பிடிக்கவில்லைன்னு. நான் டிக் போடலை, எனக்கும்னு மட்டும் எழுதினேன். மறுநாள் அவரே வந்து பதினஞ்சாம் பாடத்தைத் திறந்தார். கிளினிக் போனையும் இப்போ நான்தான் எடுக்கறேன், முன் மேசையை விட்டு நகரலை.

பாப்பா, நீ வாரா வாரம் இங்கிலீஷ்ல மெசேஜ் அனுப்பறியே, எல்லாம் நல்லா இருக்கு, கொஞ்சம் வேலை அதிகம்னு, அது அப்படியே எங்க புத்தகத்துல மூணாவது பக்கத்துல இருக்கு. நானும் இத்தனை வருஷமா அதுக்கு டிக் போட்டுக்கிட்டே வந்திருக்கேன். இனிமே நேத்தைப் பத்தி அஞ்சு வாக்கியம் எழுது, நிஜமா நடந்தது. இங்கிலீஷ் உனக்குத் தண்ணி பட்ட பாடு, அதுல எதை வேணாலும் மறைச்சுடுவே, அதனால தமிழ்ல எழுது, இப்போ உனக்கு வார்த்தை குறைவா இருக்கிறது அதுலதான். தப்பு இருந்தாலும் பரவாயில்லை, சிவப்புப் பேனாவைத் தூக்கிப் போட்டாச்சு.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், கை கால் சுகத்தோட இருக்கணும். தலை ஈரம் மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
பக்கத்தில் எறும்பு எழுத்தில் அப்பா