ஆறாம் லயம், ஏழாம் கதவு

அக்கா,

உங்கள் கதவுக் கொண்டியின் அடியில் ஒரு சொட்டுப் பச்சைப் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்றுக் காலை பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போதுதான் பார்த்தேன். கதவு முழுவதும் சாம்பல் நிறம் பூசியவர்கள் அந்த இடத்தை மறந்துவிட்டார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரிக் காய்ந்திருந்தது. சுரண்டினாலும் வராது.

வங்கி வேன் முதல் தடவை, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு வந்த நாள் ஞாபகம் வந்தது. கிராமிய வங்கிகளுக்கு அரசாங்கம் உதவி கொடுத்திருக்கிறது, சுயதொழில் செய்கிற பெண்களுக்குக் கடன் கிடைக்கும் என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார். “கிராம மக்களே, கிராம மக்களே” என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக் கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பி நின்ற நீங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டீர்கள்.

“சேர், நாங்க கிராமமா, டவுனா? இத்தன வருஷமா ரெண்டுலயும் எங்கள சேக்கலயே, அதான் கேக்குறேன்.”

களமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, “இந்தத் தடவ நீங்களும் சேத்திதாம்மா” என்றார்.

அந்த வார்த்தையை நீங்கள் விடவில்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு பால் மாடு. மாடு ஒன்று நின்றால் தோட்டத்துச் சம்பளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றீர்கள். உங்களுக்கு எழுத வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு எழுத வரும், பேச வராது. “நம்ம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு புள்ள” என்று சொல்லி என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனீர்கள்.

வங்கியில் இருந்த மிஸ் நல்லவர். தமிழும் பேசினார். ஆனால் படிவத்தில் வீட்டு இலக்கம் என்ற கோட்டில் வந்து நின்றுவிட்டார்.

“ஆறாம் லயம் சரி. வீட்டு நம்பர் என்ன?”

“நம்பர் இல்ல மிஸ். ஒரே வரிசையில பன்னெண்டு வீடு இருக்கு. எங்களுது நடுவுல.”

“அப்ப கடிதம் எப்படி வரும்?”

“தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிளாக்கரையாவுக்கு ஞாபகம் வந்தா எங்களுக்கு வரும்.”

வேறு வழியில்லாமல் தோட்டத்து ஆபீஸ் முகவரியையே எழுதினேன். கடிதம் வந்ததும் பிணையாளரோடு வாருங்கள் என்றார் மிஸ். நாம் காத்திருந்தோம்.

உங்கள் பெயரில் நம் டிவிசனில் நான்கு பேர் என்பதை நாம் யோசிக்கவேயில்லை. கடிதம் வந்தது. ஆபீசிலிருந்து அது இரண்டாம் லயத்து ஆச்சியிடம் போனது. அவருக்கும் உங்கள் பெயர்தான். உறை மேல் அரசாங்க முத்திரையைப் பார்த்த ஆச்சி, பிரிக்கப் பயந்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி, தினமும் விபூதி வைத்துக் கும்பிட்டிருக்கிறார். ஒரு மாதம் கழித்து எதற்கோ அந்த வீட்டுக்குப் போன என் கண்ணில்தான் பட்டது.

“பேங்க் காயிதம்னு சொன்னாங்க, சாமிகிட்ட இருந்தா நல்லது நடக்கும்னு வச்சேன் கண்ணு” என்றார். அவரைத் திட்ட உங்களுக்கு மனம் வரவில்லை. டவுனுக்கு ஓடினோம். திகதி முடிந்துவிட்டது, இந்த வருஷத்துக் கடன் கொடுத்து முடிந்தது என்றார் மிஸ். அவருக்கே முகம் வாடிப் போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் அழவில்லை. தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

“மலைக்கு நம்பரு இருக்கு. லயத்துக்கு நம்பரு இருக்கு. சம்பளம் போடுற செக்ரோல்ல எனக்கு நம்பரு இருக்கு. நான் படுத்து எந்திரிக்கிற வீட்டுக்கு மட்டும் ஏன் புள்ள இல்ல?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை வாங்கி வந்தீர்கள். நீங்கள் டின்னைப் பிடிக்க, நான் பன்னிரண்டு கதவிலும் எழுதினேன். 6/1, 6/2 என்று தொடங்கி 6/12 வரை. உங்களுடையது 6/7. என்னுடையது 6/8.

மறுநாள் கிளாக்கரையா வந்தார்.

“யாரக் கேட்டு எழுதினீங்க? கதவு தோட்டத்துச் சொத்து.”

“கதவு ஒங்களுது, கூர ஒழுகுனா மட்டும் எங்களுதா?” என்றீர்கள்.

“வாய் பேசாத. யாரு எழுதினது?”

பிரஷ் என் கையில் இருந்தது. நான் அதைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தேன்.

“நான்தான்” என்றீர்கள் நீங்கள்.

“ஒனக்கு எங்க எழுதத் தெரியும்?”

“எழுதத்தான் தெரியாது. எங்க இருக்கேன்னு தெரியும்.”

அன்று மாலையே சாம்பல் நிறம் பூசிவிட்டார்கள். “பூசட்டும், பெயின்ட் டின்னுல இன்னும் பாதி இருக்கு” என்று சொல்லி டின்னை என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தீர்கள். அந்த வாரமே மலையில் குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்களைக் கீழே ஓடச் சொல்லிவிட்டுக் கடைசியாக வந்த உங்களைக் குளவிகள் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உங்கள் மூச்சு நின்றுவிட்டது. உங்கள் வீடு அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

அக்கா, அரசாங்கம் கிராமிய வங்கிகளுக்கு மறுபடி உதவி கொடுக்கிறதாம். போன வாரம் அந்த வேன் வந்தது. எனக்கு இப்போது பதினெட்டு. தையல் மெசினுக்காக நானே போய்ப் படிவம் வாங்கினேன். பேச வராத நானே வாய் திறந்து கேட்டு வாங்கினேன். வீட்டு இலக்கம் என்ற அந்தக் கோடு அதே இடத்தில் இருக்கிறது. இந்தத் தடவை அதில் ஆபீஸ் முகவரியை எழுத மாட்டேன். என் பெயரிலும் இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். என் கடிதம் யார் வீட்டுச் சாமிக்குப் பின்னாலும் போகக்கூடாது. கொடுப்பது யாராக இருந்தாலும் அது என் கதவு வரைக்கும் வர வேண்டும்.

நேற்றுக் கொண்டியைத் தொட்டுப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போய் டின்னை இழுத்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. குச்சியால் குத்திக் கிளறினேன், அடியில் நல்ல பெயின்ட். ஒன்றாம் கதவிலிருந்து தொடங்கினேன். நல்ல வெயில், எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாம் லயத்து ஆச்சி வந்து டின்னைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கதவில் 6/7 எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் மோட்டார் சைக்கிள் நின்றது.

“யாரு எழுதினது?” என்றார் கிளாக்கரையா.

பிரஷ் என் கையில் இருந்தது. மறைக்கவில்லை.

“நான்தாங்க” என்றேன். பிறகு எட்டாம் கதவுக்குப் போனேன்.