கவ்வாத்துக் கத்தி வேண்டாம்

அன்புள்ள ராக்கம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? பார்த்தாயா, உன் புருஷனே கைப்பட எழுதுகிறேன்! நான் சுகம். ஒரு பல் மட்டும் போய்விட்டது.

கரும்பு வெட்டும்போது, கூட வேலை செய்யும் தங்கராசு குடிவெறியில் என் வாயில் குத்தினான். ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவனைத் தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கத்தியை ஓங்கினேன்.

"வெட்டு பார்ப்போம், கிழவா!" என்றான்.

வெட்டியிருப்பேன். ஆனால் "கோபம் வந்தா முதல்ல மூச்சைப் பாருங்க" என்று இங்குள்ள புத்த கோயிலில், அந்தப் பன்சலையில், சாமி தினமும் சொல்வது ஞாபகம் வந்தது. பார்த்தேன். மாடு மாதிரி சீறியது. அது அடங்கும்வரை அவன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கத்தியைத் தூர எறிந்துவிட்டு எழுந்தேன்.

முன்பு போனில் கேட்டேனே, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, அதை அனுப்பாதே. அவன்மேல் ஏற்கனவே இருந்த ஆத்திரத்தில், அவனை வெட்டத்தான் கேட்டேன். நம் வீட்டுத் தேயிலைத்தூள் அனுப்பு, இங்குள்ள தூளில் ருசியில்லை.

பல் போன ஓட்டையில் இப்போது மூச்சு விசிலடிக்கிறது. கவனிக்கச் சுலபம்!

நம் ஊர்ப் பக்கம் போகும் கொஸ்லந்த பஸ் புறப்படுகிறது, கடிதத்தை அதில் கொடுத்துவிடுகிறேன்.

உன்
சின்னையா