இது வேற என்று சொன்னாய்

இன்று அலுவலகத்தில் வருடாந்திர உடல் பரிசோதனை. கேன்டீனை ஒட்டிய ஹாலில் திரை கட்டி மூன்று மேசை போட்டிருந்தார்கள். நர்ஸ் என் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முழங்கை மடிப்பைத் துடைத்தாள். அந்தச் சில்லிப்பும் வாசனையும் ஒன்றாக வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"பயமா மேடம்?" என்று சிரித்தாள்.

பயம் இல்லை. உன் கையையும் இப்படித்தான் துடைத்தார்கள். ரத்தம் மட்டும் எடுக்கவில்லை.

நீ போய் பதினோரு மாதம் ஆகிறது. பர்ச்சேஸ் செக்‌ஷனில் உன் நாற்காலியில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். அவளிடம் நான் இன்னும் சரியாகப் பேசவில்லை.

பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை நமக்கு. நான் கல்யாணமாகித் திருச்சியிலிருந்து சைனிக்புரிக்கு வந்தவள். நீ மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ரயில் கார்டு ஒருவரின் மகள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், யார் என்ன கேட்டாலும் நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாய். "என்னடி முழிக்கிற? ஹவ்னா ஆமா, நக்கோன்னா வேணாம். இந்த ரெண்ட வச்சு ஹைதராபாத்ல ஆயுசுக்கும் ஓட்டிறலாம்" என்றாய். அன்றிலிருந்து உன் வாயைப் பார்த்துத்தான் இந்த ஊரைக் கற்றுக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை மதியம் நீ டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. ஏதோ ஃபைல் காணவில்லை என்று சொல்வது போன்ற குரலில், "எனக்கு இருக்கவே பிடிக்கலடி" என்றாய். வேடிக்கையாகச் சொல்கிறாயோ என்று ஒரு கணம் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு நேராகவே கேட்டேன்: "செத்துப்போகணும்னு தோணுதா?"

"ஹவ்" என்றாய்.

எத்தனை ஆயிரம் முறை உன் வாயிலிருந்து கேட்ட சொல் அது. அன்றைக்கு அதைக் கேட்டதும் என் டிபன் பாக்ஸையும் மூடிவைத்தேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்து உன்னை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உன் கணவர் வந்து அழைத்துப் போகும்வரை உன்னைத் தனியாக விடவில்லை.

காரணம் என்ன என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். வீட்டில் சண்டை இல்லை. கணவர் நல்லவர். மகள் இன்டர் காலேஜில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். "காரணம்னு ஒண்ணு இருந்தா அதையாவது திட்டலாம். அதுவும் இல்லையே" என்றாய் நீ.

முதலில் போனது நம் அலுவலகமே ஏற்பாடு செய்திருந்த கவுன்சிலரிடம். நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை இருந்தது, முழு ரகசியம் காக்கப்படும் என்று. நான்தான் அதைக் காட்டி உன்னை அனுப்பினேன். புதன்கிழமை நீ பேசினாய். வெள்ளிக்கிழமை செக்‌ஷன் ஆபீசர் உன் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி, "மனசு சரியில்லையாமே அம்மா?" என்று தெலுங்கில் விசாரித்தார். டெண்டர் ஃபைல்களை உன்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்குத்தானாம். உன் நல்லதுக்குத்தானாம். "அந்த ரகசியம்னு போட்ட காகிதத்துல வடை மடிச்சுத் திங்கலாம்" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்தது பெரிய மருத்துவமனை. கணவரும் வந்தார். டாக்டர் உன்னை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு கேள்வி எல்லாம் உன் கணவரிடம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாளாக இப்படி. நீ இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாயாம், ரிப்பேருக்குக் கொண்டுவந்த மிக்சி மாதிரி. உன் கணவருக்கு வாய் நிற்காது. அன்று மாலையே போவன்பள்ளியிலிருந்து அவருடைய அக்கா விபூதிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். "வீட்ல சும்மா இருக்கிறவளுக்கு வர்ற நோவுல்ல இது? வேலைக்குப் போற ஒனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். அந்த டாக்டர் எழுதிய மாத்திரைகளில் நீ நாள் முழுக்கத் தூங்கினாய். "என்னைய நல்லாக்கலடி. அணைச்சு வச்சுட்டாங்க."

மூன்றாவதாகத்தான், சாகத் தோன்றுகிறவர்களுக்கென்று இருக்கும் அந்தத் தொலைபேசி உதவி எண். என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து கூப்பிட்டோம். ஹிந்தியில் ஒரு பெண் குரல், அவசரமில்லாமல், மென்மையாகப் பேசியது. நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாய், மூடினாய், பிறகு என்னிடம் நீட்டிவிட்டாய். என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக ஹிந்தி பேசுகிறவள் நீ. போவன்பள்ளி மார்க்கெட்டில் உன் பேரத்துக்கு எந்த வியாபாரியும் நின்றதில்லை.

"இது தக்காளிக்குப் பேரம் பேசுற பாஷைடி. இதுல எப்படி அதச் சொல்றது?"

அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். தமிழ் தெரியாது என்று ஒப்புக்கொண்டாள். அந்த நிமிடம் நீ பத்திரமாக இருக்கிறாயா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பிறகு, நாளை தானே திரும்பக் கூப்பிடலாமா, எந்த எண்ணில், எந்த நேரத்தில் உன்னால் தடையில்லாமல் பேச முடியும் என்றாள். இப்படியெல்லாம் உன் வசதியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மறுநாள் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டாள். தமிழ் புரிந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள்.

மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சின்ன அறை. அவள் தேடித் தந்த அந்தக் கவுன்சிலர் அம்மா சித்தூர்க்காரர், தமிழ் பாதி, தெலுங்கு பாதி. "நீங்க தமிழ்லயே சொல்லுங்க. புரியாத எடத்துல நிறுத்திக் கேக்கறேன்" என்றார். நீ வாயைத் திறக்கும் முன்பே இன்னொன்றும் சொன்னார். இந்த அறையில் பேசுவது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் ஒரே ஒருவருக்குச் சொல்வேன். அந்த ஒருவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெளியே பெஞ்சில் இருந்த என்னைக் காட்டினாய். "எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னா அவங்க அக்கா வரைக்கும் போயிரும். இவ வாயத் திறக்க மாட்டா."

உள்ளே கூப்பிட்டு என்னையும் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதினோம். எந்த அறிகுறி தெரிந்தால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம், அப்போது முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, வீட்டில் எவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவரே வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் உன்னிடமே பேசி, மாத்திரையை மாற்றினார்.

இரண்டு வருடம். வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை. நடுவில் எப்போதாவது பேனிக் என்று ஒரு படபடப்பு வரும், நாலு எண்ணி மூச்சை இழுத்து விட்டால் அடங்கிவிடும். டெண்டர் ஃபைல்களைச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினாய். மறுபடி என் சாம்பாரைக் குறை சொன்னாய். "நல்லாயிட்டியா?" என்று கேட்டால், "நல்லால்லாம் ஆகல. இருக்கேன். போதும்ல?" என்பாய். போதும்தான். எனக்கு நிறையவே போதும்.

பிறகு அந்தப் புதன்கிழமை.

காலை பதினோரு மணி இருக்கும். பேனாவைக் கீழே வைத்தாய். தாடை வலிக்கிறது என்றாய், முதுகும். நெற்றியெல்லாம் வியர்வை. அந்தப் படபடப்புதான், எனக்குத் தெரியாதா? நான்தானே அந்தத் தாளை எழுதியவள். "ஒண்ணுமில்ல, மூச்ச மெதுவா இழு, நாலு எண்ணு" என்று முதுகைத் தடவினேன். நீ தலையை ஆட்டினாய். அலுவலகக் காரில் பக்கத்து மருத்துவமனைக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளைஞர், மரியாதையானவர். ஈசிஜி எடுத்தார்கள். சரியாக இருக்கிறது என்றார். ரத்தமும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். நர்ஸ் பட்டை கட்டி, பஞ்சால் துடைத்தாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"இவங்களுக்கு ஏற்கெனவே மனசு சம்பந்தமா ட்ரீட்மென்ட் நடக்குது டாக்டர். பேனிக் வரும். மாத்திரை சாப்பிடறாங்க."

உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நீ கேட்கவில்லை. படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். பிறகு டாக்டரைப் பார்த்து, "யே வோ நை சாப், யே அலக் ஹை" என்றாய். அவர் உன்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் எங்கே கண்டாலும் அடையாளம் காட்டுவேன். உடனே நீ என்னிடம் திரும்பி, தமிழில், "இது அது இல்லடி. இது வேற" என்றாய்.

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, சரி, மூச்ச இழு" என்றேன்.

டாக்டர் நர்ஸுக்குக் கையைக் காட்டினார். அவள் பட்டையை அவிழ்த்தாள். படபடப்பு அடங்க ஒரு மாத்திரை கொடுத்து, டென்ஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். காரில் நான் எண்ண எண்ண நீ மூச்சை இழுத்து விட்டாய். என் திருப்திக்காக அதைச் செய்தாய் என்று இப்போது தெரிகிறது. வீட்டு வாசலில் இறங்கும்போது, "என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்டி" என்றாய்.

மறுநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றவள் அப்படியே விழுந்தாய். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வரைகூட இல்லை. மாரடைப்பு.

தெரிந்த இதய மருத்துவர் ஒருவரிடம் பிறகு கேட்டேன். பெண்களுக்குப் பல சமயம் இப்படித்தான் வரும், தாடையில், முதுகில். ஒரு ஈசிஜி சரியாக இருந்தால் மட்டும் போதாது. கொஞ்ச நேரம் படுக்கவைத்துத் திரும்ப எடுத்திருக்க வேண்டும், ரத்தம் பார்த்திருக்க வேண்டும் என்றார். பார்த்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். இப்போது அதைச் சொல்ல முடியாது என்றார்.

அந்த இளைஞரைத் தேடிப் போய் நின்றேன். உன் பெயரை மூன்று முறை சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "ஆப்பிச் போலே நா, மேடம்?" என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள். குத்திக்காட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

பதினாறாம் நாள் உன் நாத்தனார், "மனசுல போட்டு வருத்திக்கிட்டே இருந்தா நெஞ்சு தாங்குமா?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். செத்த பிறகும் அதே சீட்டை உன் நெற்றியில் ஒட்டினார்கள். மனதுக்கு வைத்தியம் பார்த்தது உன்னைக் கொல்லவில்லை. அந்த மாடி அறை உனக்கு இரண்டு வருடம் கொடுத்தது. வைத்தியம் பார்ப்பவளின் உடம்பு சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை என்ற நினைப்புதான் கொன்றது. அந்த நினைப்பு எனக்கும் இருந்தது. வாய் திறக்காதவள் என்று நீ பொறுக்கி எடுத்த ஒருத்திக்கு.

உன் மகள் மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, நாம் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். "ஆன்ட்டி, ஆரோஜு ஏம் ஜரிகிந்தி?" அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். மழுப்பியிருக்கலாம். ஒன்றையும் விடாமல் சொன்னேன், நான் சொன்ன வாக்கியம் உட்பட. "மிம்மல்னி எவரு செப்பமன்னாரு?" என்றாள். உங்களை யார் சொல்லச் சொன்னது? காபி அப்படியே இருக்க எழுந்து போனாள். அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. அம்மா போய்க்கொண்டிருந்த கவுன்சிலரின் எண் வேண்டும் என்று மட்டும். எண்ணை அனுப்பினேன். உடனே கூப்பிட்டு, உன்னிடம் கேட்டதை அவளிடமும் நேராகவே கேட்டேன். சாகும் எண்ணம் இல்லையாம். தூக்கம்தான் இல்லையாம், வகுப்பில் உட்கார முடியவில்லையாம். கூட வரட்டுமா என்றேன். சரி என்றாள்.

காரில் கூட்டிப்போனேன். ஒரு மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்தாள். உள்ளே என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டுகுடா திருப்பத்தில் இறங்கினாள். கதவைச் சாத்தப் போனவள், குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். தடுக்கித் தடுக்கி, உன் மதுரைப் பேச்சை அப்படியே எடுத்து வைத்த மாதிரி, தமிழில் சொன்னாள்.

"ஒங்கள நான் மன்னிக்கல, ஆன்ட்டி. அடுத்த வாரம் நாலு மணிக்கு வாங்க."

வருகிறேன் என்றேன். உன் மகள் என்னிடம் முழுதாகப் பேசிய முதல் தமிழ் அதுதான். இரண்டையும் அவள் சேர்த்தே சொன்னாள். இரண்டையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறேன்.