மந்திரியை அம்போவென்று விட்ட கேமரா

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், அதாவது நான் சுகம், உன் அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

டிவி செய்திக்காக அவர் காலமெல்லாம் எடுத்த படங்களை ஆவணக் காப்பகத்தில் சேர்க்கிறார்களாம், அதற்காக ஒரு பெண் கம்ப்யூட்டரோடு தினமும் வீட்டுக்கு வந்து, இது எந்த வெள்ளம், அது யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறாள், மனுஷன் புது மாப்பிள்ளை மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்கிறார். வந்தது வினை. படத்தோடு மைக்கும் ஓடியிருக்கிறது அல்லவா, கேமராவுக்குப் பின்னால் இவர் முணுமுணுத்ததெல்லாம் கேட்கிறது. ஒரு பெரிய தலைவர் மேடையில் கண்ணைத் துடைக்கிறார், இவர் "நடிச்சது போதும்யா, வெளிச்சம் போகுது" என்கிறார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், இவர் இருமுகிறார்.

நேற்று வந்தது நீ பிளேன் ஏறிக் கிளம்பிய நாளின் டேப். மந்திரி டியூட்டி, வழியனுப்ப வர முடியாது என்று காலையிலேயே நழுவினாரே, அப்பாவுக்கு மந்திரிதான் ஒசத்தி என்று நீ என் தோளில் அழுதாயே, அதே நாள். அன்றிலிருந்து நீயும் போனில் அவரிடம் "மாத்திரை போட்டீங்களா"வுக்கு மேல் பேசுவதில்லை. அந்த மந்திரி வந்திறங்கியதே அதே ஏர்போர்ட்டில்தானாம், நமக்கு யாரடி சொன்னார்கள்! மந்திரி பேச வாயைத் திறக்கிறார், கேமரா அவரை அம்போவென்று விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்புகிறது. கூட்டத்துக்குள் நான் கயிறு கட்டிக் கொடுத்த சிவப்புப் பெட்டி, பக்கத்தில் நீ. கண்ணாடிக் கதவு வரை உன் பின்னாலேயே போகிறது. கை நடுங்காதவர் என்று பேரெடுத்த மனுஷன், படம் ஆடு ஆடென்று ஆடுகிறது. மந்திரி பேச்சு போச்சு, ஆபீஸில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம், நம்மிடம் மூச்சு விடவில்லை, கல்லுளிமங்கன்.

இந்த இடம் செய்திக்கு உதவாது, வெட்டிவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். ஸ்டாண்டில் திருகு லூஸும்மா, வெட்டிடு என்று சமாளித்தார். நான் விடுவேனா? திருகு லூஸு ஸ்டாண்டுக்கு இல்லை, இவருக்குத்தான், துளிகூட வெட்டாதே என்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் போடு. மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேறு ஏதாவது பேசு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

சொல்ல மறந்தேனே, நீ கதவுக்குள் போகும்போது டேப்பில் அவர் குரல் கேட்கிறது, "ஒரு தடவை திரும்பிப் பாருடா கண்ணு" என்று. நீ பார்க்காமலே போய்விட்டாய். அந்தப் பெண் கம்ப்யூட்டரை இங்கேயே வைத்துவிட்டுப் போன பிறகு அந்த இடத்தையே மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார், இந்தத் தடவையாவது திரும்புவாய் என்று நினைத்தாரோ என்னவோ.

உன் அம்மா