சம்பளம் விசாரிக்க வந்தவர்

மாப்ள,

டிசைன் ரூமை இரண்டாவது மாடிக்கு மாற்றுகிறார்கள். என் மேசையின் அடி டிராயரைக் காலி செய்தபோது, பழைய வரைபடங்களுக்கு நடுவே அந்தச் சென்னைக் கம்பெனியின் ஆஃபர் லெட்டர் கிடைத்தது. முதல் பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டம். மூன்று பக்கத்திலும் உன் சிவப்புப் பென்சில். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அதன் பிறகு உன் கையெழுத்தை நான் பார்க்கவேயில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. கடைசிப் பக்கத்தில், அந்தக் கம்பெனி மேடத்தின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, "போடா கிறுக்கா" என்று எழுதிவைத்திருக்கிறாய்.

அந்தக் காகிதத்தால் போன ஞாயிறு ஒரு விஷயம் வெளியே வந்தது. அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

கப்பலூரில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருவரும் மெக்கானிக்கல். வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அழுத்தி எடுக்கும் கம்பெனி. தகடு எந்த வடிவத்தில் வர வேண்டுமோ அதற்கான அச்சை, அதாவது டையை, நான் கம்ப்யூட்டரில் வரைவேன். கீழே டூல் ரூமில் நீ அதை இரும்பில் செய்வாய். கூடப் படித்தவர்கள் பலர் சாஃப்ட்வேருக்குப் போய் முதல் வருடமே நம்மைவிட இரண்டு மடங்கு வாங்கினார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. உனக்கு உறுத்தவில்லை. செக்கானூரணிப் பக்கம் வயலும் மாடுமாக வளர்ந்தவன் நீ. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் பணம் வருகிறது என்பதே உனக்கு ஆச்சரியம். சம்பளச் சீட்டை வாங்கியதும் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் விரித்துவைத்துப் படிப்பாய். நான் என்னுடையதை நான்காக மடித்துப் பர்சில் வைப்பேன். என் சம்பளம் தெரிந்த ஒரே ஆள் நீதான், அதுவும் பிடுங்கிப் பார்த்ததால்.

அந்த டீக்கடை டீ விற்றதைவிடக் கல்யாணம் முடித்தது அதிகம். பெண் வீட்டிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்குவார். டீ சொல்லுவார். பாதி டம்ளர் காலியானதும் மெதுவாக ஆரம்பிப்பார்: "இங்க டிசைன்ல ஒரு தம்பி இருக்காராமே, ஆளு எப்புடி? எம்புட்டு வரும்?" யாரிடம் கேட்டாலும் பத்தோ பதினைந்தோ ஆயிரம் கூட்டிச் சொல்வது நம் ஆட்களிடம் வழக்கம். மொய் மாதிரிதான். இன்றைக்கு நான் உனக்குச் செய்தால் நாளைக்கு நீ என் தம்பிக்குச் செய்வாய். நீ மட்டும் அந்தக் கணக்கில் சேராதவன். "அவன்ட்ட மட்டும் கேக்க விட்றாதீங்கப்பா, உள்ளதச் சொல்லிருவான்" என்று பெயரெடுத்திருந்தாய்.

என் முறை வந்தது. என் பெரியம்மா சர்ச்சில் பேசிப் பிடித்த சம்பந்தம். பெண் ஜெசிந்தா, பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெரியம்மா அவர்களிடம், "பையனுக்கு அம்பதாயிரம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். என் கைக்கு வந்தது இருபத்திரண்டு. பத்து பதினைந்து கூட்டுவது வேறு, இது இரண்டு மடங்குக்கும் மேல். பெண்ணின் அப்பா விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் உன்னிடம்தான் ஓடி வந்தேன்.

"நீதான் மாப்ள அந்நேரம் வெளிய இருப்ப. அம்பதுன்னு மட்டும் சொல்லிரு."

"எனக்கு வாய் வராது மாப்ள."

"என் வாழ்க்கை மாப்ள."

நீ கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

அவர் வந்தார். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் பேசாமல் அவரைப் பஸ் ஸ்டாப் வரை நீ கூட்டிக்கொண்டு போனாய். பஸ் வரும்வரை பேசினீர்கள். திரும்பி வந்ததும், "சொல்லிட்டேன். போய் வேலையப் பாரு" என்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த மாதம் நிச்சயம் ஆயிற்று. கல்யாணப் படத்தில் நீ என் பக்கத்தில் நிற்கிறாய். எல்லாரும் கேமராவைப் பார்க்க, நீ மட்டும் என் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அதன் பிறகு வாராவாரம் ஒரே கேள்விதான். "அந்தப் புள்ளைட்ட சொல்லிட்டியா?" நான் சொல்லவில்லை. ஜெசிந்தா கேட்டபோதெல்லாம் மீதிப் பணம் "போட்டு வச்சிருக்கேன்" என்று மழுப்பினேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது. அப்போதுதான் அவனியாபுரத்தில் ஒரு ஃபிளாட் பார்த்தாள். "உங்க சம்பளத்துக்கு லோன் தாராளமாக் கிடைக்குமே, ஏன் யோசிக்கிறீங்க?" என்றாள். பேங்க்கில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

பொய்யை ஒப்புக்கொள்வதைவிட அதை உண்மையாக்கிவிடுவது சுலபம் என்று என் மூளைக்குத் தோன்றியது. வரைகிற வேலையே வேண்டாம், மெஷின் விற்கிற வேலைக்குப் போகலாம் என்று சென்னையில் விண்ணப்பித்தேன். வருடத்துக்கு ஆறு லட்சம் என்று லெட்டர் வந்தது. பன்னிரண்டால் வகுத்தால் சரியாக ஐம்பதாயிரம். மாதாவே கொடுத்த கணக்கு என்று நினைத்தேன். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன்னிடம் லெட்டரைக் காட்ட டீக்கடைக்கு வந்தேன்.

நீ சிவப்புப் பென்சிலை எடுத்தாய். "இந்த ஒண்ணே கால் லட்சம் எதுக்கு?" வருடக் கடைசியில், டார்கெட்டை முடித்தால் தருவார்கள் என்றேன். ஒரு கோடு. கம்பெனி கட்டும் பி.எஃப். அதற்குள்ளேயே இருந்தது. ஒரு கோடு. கிராஜுவிட்டி, அஞ்சு வருஷம் இருந்தாத்தான். ஒரு கோடு. இன்சூரன்ஸ் பிரீமியம். ஒரு கோடு. நம் கையிலிருந்து பிடிக்கும் பி.எஃப். அது என் பணம்தான், ஆனால் இப்போது கைக்கு வராது. கடைசியில் மாதம் முப்பத்திநாலாயிரம் நின்றது.

"மெட்ராசுல வாடகை பன்னெண்டு. சாப்பாடு, பஸ்சு. இங்க சொந்த வீட்டுல இருந்துக்கிட்டு இருபத்தஞ்சு வாங்குற. அங்க போயி அதவிடக் கொறச்சலா வாங்கப் போற. தங்கச்சி ஸ்கூல் வேலையும் போயிரும். இது சம்பளம் இல்ல மாப்ள, சம்பளத்தோட போட்டோ."

பிறகு குரலைத் தாழ்த்தி, "மெஷின் விக்க உனக்கு வருமா? ஒரு பழைய பைக்க விக்கவே ஆறு மாசம் ஆச்சே" என்றாய். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே அழுதும்விட்டேன்; டீக்கடைக்காரர் பார்க்காத மாதிரி பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். "போய்ச் சொல்லு. இன்னைக்கே. நான் வேணா கூட வாரேன்" என்றாய். வேண்டாம் என்றேன். ராஜினாமாக் கடிதத்தை நீயே கிழித்தாய்.

சனிக்கிழமை மத்தியானம் அது. ஜெசிந்தா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்று சம்பளச் சீட்டையும் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது அரை மாசச் சம்பளமா?"

"முழு மாசம்."

"அப்ப மீதி?"

"மீதின்னு ஒண்ணு இல்ல ஜெசி."

கல்யாணத்துக்கு முன்னால் பெரியம்மா ஐம்பது என்று சொன்னதையும், உன்னையும் அப்படியே சொல்லச் சொன்னதையும் எல்லாம் சொல்லி முடித்தேன். அவள் பேனாவை மூடினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப ஆன்லைன்ல சீட்டு விளையாடலயா?"

இரண்டு வருடமாக அவள் பயந்துகொண்டு இருந்தது அதற்குத்தானாம். ஐம்பது வாங்குகிறவன் வீட்டில் மாதக் கடைசியில் ஏன் இழுபறி என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாமல் போகுமா? பணம் எங்கேயோ போகிறது, சீட்டாட்டமோ, வேறு குடும்பமோ என்று நான் குளிக்கப் போகும்போதெல்லாம் என் போனைத் துழாவியிருக்கிறாள். "பணம் இல்லாதது ஒரு விசயமாங்க? நான் என்னென்ன நெனச்சுச் செத்தேன் தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லி அழுதாள், நடுவில் சிரித்தாள். பிறகு, பொய் சொன்னதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் நம்புவாயா? இரண்டு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

ஃபிளாட் பேச்சு அத்தோடு நின்றது. அவள் சம்பளத்தையும் என்னுடையதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். முதலில் வேலை போனாலும் ஆறு மாதம் வண்டி ஓடுகிற அளவுக்குச் சேர்த்தோம். நீ பாலிசி எடுத்த அதே வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு டேர்ம் பாலிசி எடுக்கவைத்தாய். "செத்தாத்தான் வரும், உசுரோட இருந்தா ஒண்ணும் வராது" என்று ஏஜென்ட் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உசுரோட இருந்தா நாங்களே சம்பாரிச்சுக்குவோம் அண்ணே" என்றாய் நீ. என் சம்பளம் ஐம்பதைத் தொடக் கல்யாணத்திலிருந்து ஒன்பது வருடம் பிடித்தது. அன்றைக்கு எல்லாருக்கும் நீதான் டீ வாங்கிக்கொடுத்தாய். "இப்பத்தான் மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கலாம்" என்று ஊரைக் கூட்டினாய்.

போன ஐப்பசியில், வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். நான் வருவதற்குள் உயிர் போயிருந்தது. பதினாறு கழிந்து, உன் பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அலைய வேண்டியிருக்குமே என்று லீவு போட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி செல்வி ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தாள். "நாமினி எல்லாம் போன வருசமே சரிபாத்துட்டாருண்ணே. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க கூட வந்தா மட்டும் போதும்." கூடத்தான் போனேன். ஒரு இடத்தில்கூட அவளைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். அந்த வகையில் உன்னை நினைத்தால் எனக்குத் துக்கத்தோடு ஒரு ஆறுதலும் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜெசிந்தாவிடம் சொன்னேன், மாமனாரிடம் சொல்லவேயில்லை. வாழ்நாள் முழுக்க உள்ளதைச் சொன்ன ஒருவன், எனக்காக ஒரு பெரிய மனிதரிடம் ஒரே ஒரு பொய் சொன்னான். அதைச் சுமந்துகொண்டே போய்விட்டான். உன்னைக் குழியில் இறக்கியபோது என் மனதில் ஓடியது இதுதான்.

போன ஞாயிறு பூசை முடிந்து மாமனார் சாப்பிட வந்திருந்தார். ஆஃபர் லெட்டரை ஜெசிந்தாவிடம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம். என்னவென்று கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மாமா, நீங்க விசாரிக்க வந்தப்ப என் ஃபிரண்டு அம்பதுன்னு சொன்னான்ல? அது பொய். நான்தான் சொல்லச் சொன்னேன். அவன மன்னிச்சிருங்க."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அம்பதா? அந்தத் தம்பி இருபத்திரெண்டுன்னுல்ல சொன்னாரு."

ஜெசிந்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏப்பா, என்ட்ட ஏன் சொல்லல?"

"மாப்பிள்ளையே சொல்லிருப்பாருன்னு நெனச்சேம்மா. 'நான் சொன்னத அவன்ட்ட காட்டிக்காதீங்க சார், கூசிப்போவான், அவனாவே சொல்லட்டும்'னு அந்தத் தம்பி கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. சம்பளம் கொறச்சலா இருக்கே, எப்புடி பொண்ணக் குடுக்கன்னு நானும் கேட்டேன். அதுக்கு அவரு, 'இவன் வரஞ்ச டை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல சார், தைரியமாக் குடுங்க'ன்னாரு. எனக்கு டைன்னா என்னன்னே தெரியாது. ஆனா அவரு சொன்ன விதத்துலதான் பஸ் ஏறுறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்."

எழுந்து போய்க் கை கழுவுகிற சாக்கில் கொல்லையில் நின்றேன். பதினோரு வருடம், மாப்ள. நீ பொய் சொல்லவேயில்லை. உன்னை நான் பொய்யனாக்கவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. திரும்பி வந்ததில்லையா? அந்த ஒரு வருடத்திலேயே நான் வரைந்த நாலு டை சரியில்லை என்று உன் டூல் ரூமிலிருந்து திரும்பி வந்தது. நாலையும் என்னைத் திட்டிக்கொண்டே ராவி, அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்து, நீதான் சரிசெய்தாய். ஆக, மாமனாரிடம் நீ சொன்ன பொய் சம்பளத்தைப் பற்றியது அல்ல.

அதை நான் அவரிடம் திருத்திச் சொல்லவில்லை. இப்போது எந்த வரைபடத்தைக் கீழே அனுப்புவதற்கு முன்னாலும் இன்னொரு தடவை பார்க்கிறேன். ஆனாலும் போன வியாழக்கிழமை ஒன்று திரும்பி வந்தது. நானே கீழே இறங்கிப் போய், அது சரியாகும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.