சூப்பர்மூனுக்கு மூன்றாம் நாள்

அன்பு மகள் யுன்ஜோங்குக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்கிறீர்களா, இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி எப்போதும்போல, எனக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். கிம்ச்சிக்குக் கோஸ் உப்பில் போட்டாயிற்று, இந்த வருஷம் நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன், கூட உட்கார்ந்து வெட்டித்தர கும்ரே அக்கா இல்லையே.

போன மாதம் நீ போனில், "அம்மா, இன்னிக்கு சூப்பர்மூன், பால்கனியில நின்னு உனக்காக வேண்டிக்கிட்டேன்" என்று அனுப்பியதற்கு நான் பதில் போடவில்லை, அம்மாவுக்குக் கோபமா என்று அப்பாவிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை கண்ணு. பௌர்ணமியன்று நிலா நமக்குக் கிட்டத்தில் வந்தால் அதுதான் சூப்பர்மூன் என்று டிவியில் செய்தி வாசிக்கிற பெண் சொல்லும்போது ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கிறது, நாங்கள் கடலைப் பார்க்கிறோம். சேற்றில் மட்டி பொறுக்குகிற எங்களுக்கு அது தண்ணீர் அதிக தூரம் உள்வாங்கி அதே வேகத்தில் திரும்பி வரும் நாள், அவ்வளவுதான். ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில், "சூப்பர்மூன், எல்லாரும் ஒரு மணிக்குள்ள சேத்தை விட்டு ஏறிடணும்" என்றார், ஏறினோம், ஒன்றும் ஆகவில்லை. "நிலாவா வந்து நமக்குக் கூலி குடுக்கப்போவுது" என்று கும்ரே அக்கா சிரித்தாள். மறுநாள் டிவியும் அதை விட்டுவிட்டது, தலைவரும் விட்டுவிட்டார். தண்ணீர் ரொம்பத் தூரம் இறங்கும் பெரிய வற்று பௌர்ணமிக்கு மூன்றாம் நாள்தான் என்று இந்தத் தீவில் தெரியாதவர் யார், அந்தப் புது வார்த்தை முடிந்துபோனதும் பயமும் முடிந்துபோனதென்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் பகலில், எத்தனையோ வருஷமாகத் தலைகாட்டாத மணல்திட்டு வெளியே தெரிந்தது. ஐந்து பேர் போயிருந்தோம். மட்டி கையை வைத்த இடமெல்லாம் கிடைத்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்துவிட்டோம். தண்ணீர் முன்னாலிருந்து வரவில்லை, முதுகுக்குப் பின்னால், திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள ஓடையில்தான் முதலில் ஏறும், அது உனக்கும் தெரியும். ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கின பிறகுதான் என் வலைப்பையைத் திட்டிலேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து, ஐயோ என் பை என்றேன். கடைசியாக வந்த கும்ரே அக்கா, "நீ நட, நான் எடுத்துட்டு வரேன்" என்று திரும்பிவிட்டாள். வேண்டாம் அக்கா என்று நான் வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் நினைத்ததோடு சரியா, எத்தனை யோசித்தாலும் எனக்கே தெரியவில்லை.

கடலோரக் காவல்காரர்கள் கேட்டபோது பையை எடுக்கத் திரும்பினாள் என்று மட்டும் சொன்னேன். யாருடைய பை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் உடலை எடுத்தபோது இரண்டு பைகளும் தோளில்தான் மாட்டியிருந்தன. சாவு வீட்டில் என் காது படவே, "ரெண்டு பை நெறைய எடுத்தும் ஆசை அடங்கலையே" என்று பேசினார்கள். நான் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் மகன் சாங்ஹோ, பாவம், அம்மா செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் குனிந்து கும்பிட்டான். அவன் அங்கே உங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு நீ போய்ப் பார்த்தும் வாயே திறக்கவில்லை என்றாயே, அது துக்கம் மட்டுமில்லை யுன்ஜோங், வெட்கம். அந்த வெட்கத்தை அவன் தலையில் கட்டியது நான்.

இந்த மாதமும் சூப்பர்மூன். இன்று காலை தலைவர் வீட்டுக்குப் போய் மைக்கை என்னிடம் கொடுங்கள் என்றேன். "இன்னிக்கு மட்டும் இல்ல, மூணாம் நாள் முடியிற வரைக்கும் யாரும் திட்டுக்குப் போகக்கூடாது. அப்புறம், கும்ரே அக்கா தோள்ல இருந்த ரெண்டாவது பை என்னோடது. என்னோட பைக்காகத்தான் அவ திரும்பிப் போனா" என்று சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கும். அப்பாவுக்கும் அப்போதுதான் தெரியும். மத்தியானம் சாப்பிடும்போது அவர் மீனை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இந்தக் கடிதத்தை சாங்ஹோவிடம் கொடுத்து அவனையே படிக்கச் சொல், நீ நயமாக மாற்றிச் சொல்லாதே. அவன் திட்டினால் குறுக்கே பேசாதே. எனக்கு போன் பண்ணித் திட்டவேண்டும் என்றால் எந்த நேரமும் பண்ணட்டும், எடுப்பேன். போகும்போது வெறுங்கையோடு போகாமல் சோறும் கடல்பாசிச் சூப்பும் கொண்டுபோ, தனியாக இருக்கிற பிள்ளை என்ன சாப்பிடுகிறானோ. குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும்.

ஒன்றை மறக்காதே. தன் அம்மாவின் ஞாபகம் என்று சாங்ஹோ இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதில் நீலக் கயிறு கட்டியது என்னுடையது. அதைக் கேட்டு வாங்கிக்கொள். அவன் வீட்டில் அவன் அம்மாவின் பை மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மால்சுன்